கடல்மீன் தொட்டியில் நீரோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது விளக்கையும் ஃபில்டரையும்தான். தண்ணீர் எப்படி ஓட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காரணம் ஆக்சிஜன். 28 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் சுமார் 6.4 தான். நம் ஊர்க் கோடையில் தொட்டி சூடேறினால் அதுவும் குறையும். ஆக்சிஜன் உள்ளே வருவது மேற்பரப்பு வழியாக. மேலே எண்ணெய்ப் படலம் அசையாமல் கிடந்தால், அடியில் பம்ப் ஓடியும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆகவே ஒரு வேவ்மேக்கராவது (தொட்டிக்குள் பொருத்தி நீரைத் தள்ளும் சிறு விசிறி பம்ப்) மேற்பரப்பை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் நெளிந்தால் போதும், தெறிக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு ஓட்டம்? மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு மணிக்குக் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு என்பது வளர்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். கல்லும் மணலும் போக 200 என்று வையுங்கள். மணிக்கு 2,000 முதல் 4,000 லிட்டர் ஓட வேண்டும். சம்ப் என்கிற கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பின் பெட்டியில் போட்டிருக்கும் அளவை இதில் அப்படியே சேர்க்காதீர்கள். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு அது. கீழேயுள்ள சம்ப்பிலிருந்து நாலைந்து அடி ஏற்றும்போது வெகுவாகக் குறைந்துவிடும். சம்ப் வழியாக மிதமாக ஓடட்டும், வேகத்தை வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும்.

அளவைவிட முக்கியம் திசை. கடலில் அலை வரும், திரும்பும். ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் அடிக்கும் நீர், நாள் முழுக்க டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்திருப்பது போல. ஒரு பெரிய வேவ்மேக்கருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை எதிரெதிரே வைத்தால், நீர் நடுவில் மோதிக் கலங்கி எல்லா மூலைக்கும் போகும். கற்களைப் பின்சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். இரவில் டார்ச் அடித்து, கல்லுக்குப் பின்னால் கழிவு எங்கே படிகிறது என்று பாருங்கள். ஓட்டம் போகாத இடம் அதுதான். அந்தக் கழிவு அழுகினால் அம்மோனியாவும் பாசியும் கூடும். கடல் அனிமோன் (பூப்போல இருக்கும், மெல்ல நகரும் கடல்பிராணி) வைத்திருப்பவர்கள் வேவ்மேக்கருக்குக் கட்டாயம் வலைமூடி போடுங்கள். அனிமோன் நகர்ந்துபோய் விசிறியில் சிக்கினால், சிதைந்து தொட்டியையே கெடுத்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை) காற்றுக்குமிழியும் வைத்தே பவளத்தொட்டி நடத்திக் காட்டினார். மேலேறும் குமிழி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், மேற்பரப்பையும் கலக்கும். கரண்ட் போகும் நேரத்தில் நமக்குக் கைகொடுப்பதும் இதுதான். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை அதில் மாட்டிவிடுங்கள், சில வாட்தான் இழுக்கும். அப்புறம், பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியே தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அதைத் தாங்க சம்ப்பில் இடம் விட்டிருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பம்பை நிறுத்திப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.