நெறியாளரின் வயதைக் கேளுங்கள்

(கோத்தகிரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. பேச்சை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே பனிமூட்டம், எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை, அதிலும் அரவேனுவிலிருந்தும் கட்டபெட்டுவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வாசலில் செருப்பை விடும்போதே ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "டீச்சர், எம்.ஏ. முடிச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சு, இனிமே பி.எச்.டி. பண்ண விடுவாங்களா?" வேறு ஏதோ பேசலாம் என்றுதான் வந்தேன். சரி, அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விடுவார்கள் அக்கா. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த முனைவர் பட்ட விதிகளில், சேருவதற்கு மேல் வயது வரம்பு என்று எதுவும் இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் 5 சதவீதம் தளர்வு உண்டு. பகுதிநேரமாகவே செய்யலாம். முனைவர் பட்டத்துக்கு முன்னால் படிக்கிற எம்.ஃபில். முடித்திருக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். வயது குறுக்கே வருவது உதவித்தொகையில்தான்: நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்க 30 வயதுக்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 5 வருடம் கூடுதல். ஆக நம் வயதில் கைக்காசு போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கும், இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வயது விதி இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஓய்வுபெற 3 வருடத்துக்கும் குறைவாக இருக்கிற ஆசிரியர் புதிதாக ஆய்வு மாணவரை எடுக்க முடியாது. நாம் என்ன செய்வோம்? நம் வயதை ஒத்த, நாம் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிற ஒரு மூத்த பேராசிரியரைத் தேடிப் போவோம், அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார், விண்ணப்பம் போட்ட பிறகுதான் இது தெரியவரும். எனக்கு அப்படித்தான் ஒரு வருடம் வீணாகப் போனது. அதனால் உங்கள் வயதை விடுங்கள், ஆய்வை வழிநடத்தப்போகிற நெறியாளரின் வயதைக் கேளுங்கள். இடம் காலியிருக்கிறதா என்றும் கேளுங்கள்: பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அமைந்தவர் என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார், கடைசி வரை அப்படியேதான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

பி.எச்.டி. சேர்க்கை நேர்முகத்தில் ஒருவர் கேட்டார், "ஓய்வுக்குச் சில வருஷம்தான் இருக்கு, இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" எனக்கு அப்போது 51. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் பதில் என்னிடம் இருந்தது. அந்தப் பதில் இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது.

எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. அம்மா இலை பறித்துப் பையில் கட்டி, ரோட்டோரக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்துப் போடுவார். மழை நாளில் தராசு 32 கிலோ காட்டும், சீட்டில் 29 எழுதுவார்கள். தண்ணீர்க் கழிவு, பைக் கழிவு. நான் ஏழாவது படிக்கும்போது, மூன்று கிலோ என்று எப்படி முடிவு பண்ணினார்கள் என்று கேட்டேன். அம்மா, "இலை ஈரமா இருக்குல்ல" என்றார். ஈரம் எவ்வளவு என்று யார் அளந்தது? அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வளர்ந்து பொருளியல் படித்து, குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது, ஏல விலையை விவசாயிக்கு 65 சதவீதம், தொழிற்சாலைக்கு 35 சதவீதம் என்று பிரிக்க ஒரு கணக்கு இருக்கிறது, 10.12 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்தான் சிறு விவசாயி என்று ஒரு வரையறை இருக்கிறது, இதையெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அந்தக் கொட்டகையில் போன மூன்று கிலோ மட்டும் எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை.

நேர்முகத்தில் அதைத்தான் சொன்னேன். கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா இலை நோட்டு ஏதாவது வச்சிருக்காங்களா?" என்றார். வைத்திருந்தார். கிழிந்த அட்டை, இங்க் பேனாவில் தேதி, கிலோ, கழிவு, கீழே மண்ணெண்ணெய்க் கணக்கு. என் ஆய்வேட்டின் முதல் அட்டவணை அந்த நோட்டிலிருந்து எடுத்தது.

வழியில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். எனக்கு நாலு மாதம் ஆனது, எந்த மேசையில் கையெழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. குறைந்தது 12 கிரெடிட் பாடப்படிப்பு உண்டு, அதற்காக விடியற்காலை முதல் பஸ்ஸில் குஞ்சப்பனை வழியாகக் கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, கோயம்புத்தூர் வெயிலில் ஸ்வெட்டரைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு போய் உட்காருவேன். பக்கத்தில் 24 வயதுப் பிள்ளைகள். எக்செல்லை அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். மழையில் மலைப்பாதை மூடினால் அன்றைக்கு வகுப்பு போச்சு. முட்டி வலி வந்தது, கண்ணாடி மாறியது. ஆறு வருடம்தான் கெடு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2, ஆக 10 வரை போகலாம். நான் ஏழில் முடித்தேன். வேறொருவர் கொடுத்த தலைப்பாக இருந்திருந்தால் இரண்டாவது வருடமே விட்டிருப்பேன், இதை மனதாரச் சொல்கிறேன்.

இங்கேபோர்க் ராபோபோர்ட் என்று ஜெர்மனியில் ஒரு குழந்தை மருத்துவர். 1938இல் தொண்டை அடைப்பான் நோய் பற்றி ஆய்வேடு எழுதி முடித்தார். அவருடைய அம்மா யூதர் என்பதால் நாஜி அரசு வாய்மொழித் தேர்வுக்கே விடவில்லை. அமெரிக்கா போய், திரும்பி வந்து, பேராசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றுவிட்டார், அதன் பிறகு அந்தப் பட்டத்தால் அவருக்கு ஒரு ரூபாய் லாபம் கிடையாது. ஆனாலும் 2015இல், 102 வயதில், பெர்லினில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குப் பதில் சொன்னார். கண் பார்வை போய்விட்டதால், அந்த நோயைப் பற்றி இடையில் கண்டுபிடித்ததையெல்லாம் நண்பர்கள் தேடித் தொலைபேசியில் சொல்ல, கேட்டே தயாரானார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 77 வருடம் கழித்து தன்னுடையதைத் தனக்குத் தா என்று கேட்க எவ்வளவு மனசு வேண்டும்!

அம்மா என் வாய்மொழித் தேர்வுக்கு இல்லை, அதற்கு முந்தைய மார்கழியில் போய்விட்டார். அச்சான ஆய்வேட்டை முதலில் அந்தக் கொட்டகைக்குத்தான் எடுத்துப் போனேன். நிறுத்துப் போட வந்த பெண்கள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். அட்டவணையில் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்த ஒருவர், "எங்க கழிவும் இதுல இருக்கா டீச்சர்?" என்றார். இருந்தது, காட்டினேன்.

அந்த அக்கா, எம்.ஏ. எதில் என்று நான் கேட்கவே இல்லையே. வரலாறா? சரி. வருகிற ஞாயிறு பத்து மணிக்கு இதே அறையில் இருப்பேன். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள், 55 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அப்புறம், உங்கள் மனதில் ரொம்ப நாளாக எது அரித்துக்கொண்டிருக்கிறதோ, அதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம், எப்படி வருகிறதோ அப்படி.