ஒரே வெயில், ஆனால் காலநிலை மட்டும் ஏன் வேறு?

வணக்கம். போன வீடியோவைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலநடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே வெயில்தானே விழுகிறது? அப்புறம் ஏன் ஓர் ஊர் பாலையாகவும் இன்னோர் ஊர் மழை கொட்டும் இடமாகவும் இருக்கிறது? மனிதர்கள் புகை விடாத காலத்திலேயே பனியுகங்கள் வந்து போனது எப்படி?"

நல்ல கேள்வி. இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூரியன் தரும் மொத்த வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. அது எந்த இடத்தில், எந்த மாதத்தில் விழுகிறது, விழுந்த பிறகு காற்றும் கடலும் அதை எங்கே தூக்கிக்கொண்டு போகின்றன என்ற பங்கீட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பெருவின் தலைநகர் லிமா தெற்கு அட்சரேகை 12 டிகிரியில் இருக்கிறது. பிரேசிலின் சல்வடோர் 13 டிகிரியில். இரண்டுமே கடற்கரை நகரங்கள். சல்வடோரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. லிமாவிலோ ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் ஓரிரு சென்டிமீட்டர் தேறினால் அதிகம். வேடிக்கை என்னவென்றால், லிமாவின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. குளிர்கால மாதங்களில் வானம் சாம்பல் நிறத்தில் மூடியே கிடக்கும். நகரைச் சுற்றியுள்ள மேடுகளில் பெரிய வலைகளைக் கட்டி, மூடுபனியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். ஈரம் இருந்தும் மழை ஏன் இல்லை? தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது. அதைத் தொடும் காற்று குளிர்ந்து கனமாகி அடியிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பான காற்று. ஈரக்காற்று மேலே ஏறினால்தானே மழை மேகம் திரளும்? இங்கே ஏறவே வழியில்லை. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டிஸ் மலை அந்தப் பக்கமே தடுத்து மழையாக இறக்கிவிடுகிறது.

அதே பெரு கடற்கரையில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல் நினோ வந்து கடல் சூடாகும். 1997-98ல் அப்படி வந்தபோது, நாட்டின் வடக்கே உள்ள செச்சுரா பாலைவனத்தில் வெள்ளம் தேங்கிப் பெரிய ஏரியே உருவானது. மலை நகரவில்லை, அட்சரேகை மாறவில்லை. கடல்நீரின் சூடு சில டிகிரி மாறியதற்கே இந்த ஆட்டம்.

கடல் எவ்வளவு தூரம் என்பதும் ஒரு கணக்கு. நார்வேயின் போடோ, சைபீரியாவின் வெர்கோயன்ஸ்க் இரண்டும் வடக்கு 67 டிகிரியை ஒட்டியவை. போடோவில் ஜனவரி சராசரி உறைநிலையை ஒட்டியே இருக்கும். வெர்கோயன்ஸ்கில் அது மைனஸ் 45 டிகிரி. கடல் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும், நிலம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிவிடும். போடோவுக்கு மேற்கிலிருந்து கடல் காற்று வருகிறது, வெர்கோயன்ஸ்க் கண்டத்தின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. உயரத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும்: ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டிய ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ 2,850 மீட்டரில் ஜில்லென்று இருக்கிறது.

சரி, இப்போது காலத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சஹாரா. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அது பெரும்பாலும் புல்வெளி. ஏரிகள், நீர்யானைகள், முதலைகள் எல்லாம் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி மலைப்பாறைகளில் மாட்டு மந்தைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். சாட் ஏரி அன்றைக்கு இன்றைய காஸ்பியன் கடல் அளவுக்குப் பரந்திருந்தது. அதன் காய்ந்த படுகையில் ஒரு பகுதிதான் போடேலே. இன்று உலகில் மிக அதிகமாகத் தூசி கிளம்பும் இடங்களில் ஒன்று. அந்தத் தூசியை நுண்ணோக்கியில் வைத்தால் நன்னீரில் வாழ்ந்த டயட்டம் பாசிகளின் ஓடுகள் தெரியும்.

என்ன நடந்தது? பூமி சுற்றும்போது அதன் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுகிறது. இப்போது பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், அதாவது வடகோளத்தின் குளிர்காலத்தில். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வடகோளத்தின் கோடைகாலத்தில் நடந்தது. அதனால் அங்கே கோடை வெயில் 7, 8 சதவீதம் கூடுதல். நிலம் நன்றாகச் சூடேறியதால் பருவக்காற்று இன்னும் வடக்கே இழுக்கப்பட்டு சஹாராவுக்குள் மழையைக் கொண்டுபோனது. ஆண்டு முழுவதற்குமான வெயிலைக் கூட்டிப் பாருங்கள், மாற்றமே இல்லை. மாதப் பங்கீடு மட்டும்தான் மாறியது.

பனியுகங்களின் பின்னாலும் இதே கணக்குதான். தலையாட்டத்தோடு இன்னும் இரண்டு சேரும்: அச்சின் சாய்வு 22.1 முதல் 24.5 டிகிரி வரை 41,000 ஆண்டுச் சுழற்சியில் மாறுகிறது, சுற்றுப்பாதையின் நீள்வட்டம் சுமார் 1,00,000 ஆண்டில் கூடிக் குறைகிறது. இதை முதலில் தீவிரமாக எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் க்ரோல். 1864ல் கட்டுரை வெளியானபோது அவர் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் காவலாளி, அங்கிருந்த நூலகத்தில் படித்துப் படித்தே விஞ்ஞானி ஆனவர். பிறகு செர்பியாவின் கணித அறிஞர் மிலான்கோவிச் முழுக்கணக்கையும் போட்டார். முதல் உலகப்போரில் கைதாகி புடாபெஸ்டில் இருந்த காலத்திலும், அங்குள்ள அகாடமி நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் கோடை. குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், கோடையில் பனி உருகிவிட்டால் எதுவும் சேராது. வடக்கில் கோடை மிதமானால்தான் போன ஆண்டுப் பனி மிச்சமாகி அடுக்கடுக்காகச் சேரும். வெள்ளைப்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், இன்னும் குளிரும். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், இன்னும் குளிரும். 21,000 ஆண்டுகளுக்கு முன்பு பனி உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்கு. பனி விலகிய பிறகு 280க்கு அருகில் வந்தது.

எரிமலையையும் சொல்லிவிடுகிறேன். 1991ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் உலகச் சராசரியை அரை டிகிரி அளவுக்கு இறக்கின. ஓரிரண்டு ஆண்டில் சரியாகிவிட்டது. கண்டங்கள் நகர்வதும் காலநிலையை மாற்றும், ஆனால் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

"அப்படியானால் இப்போதைய சூடும் இயற்கைதானே?" என்று சிலர் கேட்பீர்கள். சுற்றுப்பாதைக் கணக்குப்படி இப்போது வடக்கின் கோடை வெயில் குறைவாக இருக்கும் கட்டம். அது சூடாக்காது. சூரியனை 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறதே தவிர, கூடிக்கொண்டே போகவில்லை. கார்பன் டை ஆக்சைடோ 280லிருந்து 420ஐத் தாண்டிவிட்டது, அதுவும் இரண்டு நூற்றாண்டுக்குள். இன்னொன்று: சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் தரையை ஒட்டிய அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஆக, இப்போதைய சூட்டுக்குக் காரணம் சூரியன் இல்லை, நாம் விடும் கார்பன் டை ஆக்சைடுதான்.