“முடிஞ்சிடும் மேடம்”

வணக்கம் மக்களே. பின்னாடி டொக்கு டொக்குன்னு கேக்குதுல்ல, அது சுத்தியல் சத்தம். காசிமேடு துறைமுகத்துல, படகு ரிப்பேர் பாக்குற எடத்துல நிக்கிறேன். மைக்ல காத்து கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு மே கடைசி வாரம். ஏப்ரல் 15-ல ஆரம்பிச்ச மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓட முடியுது. மொத்தம் 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. வருஷம் பூரா தள்ளிப் போட்ட ரிப்பேர் எல்லாம் இந்த 61 நாளுக்குள்ளதான் நடக்கும். அதோ பச்சை பெயிண்ட் உரிஞ்சு நிக்குது பாருங்க, அது எங்க பெரியப்பா படகு.

நான் வேலை பாக்குறது மணலி பக்கம், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில, பிளானிங் இன்ஜினியர். பெரிய ஆலைங்க சில வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா நிறுத்திட்டு, உள்ள இருக்கற குழாய், எக்ஸ்சேஞ்சர் (ஒண்ணோட சூட்டை இன்னொண்ணுக்கு மாத்துற சாதனம்) எல்லாத்தையும் பிரிச்சு, சுத்தம் பண்ணி, கெட்டதை மாத்தி, திரும்ப மூடுவாங்க. அதுக்கு ஷட்டவுன்னு பேரு. ஆலை நிக்கிற ஒவ்வொரு நாளும் அவங்களுக்கு நஷ்டம், அதனால நாள் எண்ணித்தான் குடுப்பாங்க. பெரியப்பாவுக்கு அரசாங்கம் தேதி குடுக்குது, எனக்கு ஆலைக்காரங்க குடுக்கறாங்க. ரெண்டு பேருக்கும் அந்தத் தேதியை நகத்துற அதிகாரம் கிடையாது.

நிறைய பேர் என்கிட்ட கேக்குறது, "அக்கா, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்கணும், எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" எதை வேணா கத்துக்கோங்க, ஒரு மாசத்துல வந்துடும். இன்னைக்கு நான் பேச வந்தது வேற விஷயம்: ஒரு பிரச்சினை வந்தா அது நேரத்துக்கு உங்க காதுக்கு வர்றது எப்படி? அதை எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

முதல்ல இந்தப் படகைப் பாருங்க. கரையேத்தணும். அடியில ஒட்டின சிப்பி, பாசியைச் சுரண்டணும். உளுத்த பலகையைக் கழட்டிட்டு புதுசு போடணும். இடுக்குல பஞ்சு அடைக்கணும். நல்லாக் காய விடணும். அப்புறம் ஃபைபர், அப்புறம் பெயிண்ட், அப்புறம் தண்ணில இறக்கணும். இதுல ஒண்ணு முடியாம அடுத்ததைத் தொட முடியாது. ஈரப் பலகை மேல ஃபைபர் போட்டா பிடிக்காது, உரிஞ்சு வந்துடும். இது ஒரு பக்கம் ஓடும்போதே ஒரு மெக்கானிக் இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பார். அந்த நிழல்ல அண்ணனுங்க வலையைப் பிரிச்சு கிழிசல் பாத்துட்டு இருப்பாங்க. வலை வேலை பத்து நாள் தள்ளிப் போனாலும் படகு இறங்குற தேதி மாறாது. பலகை வேலை ஒரு நாள் தள்ளினா, இறங்குற தேதியும் ஒரு நாள் தள்ளும்.

பலகை போற அந்த வரிசைக்குத்தான் கிரிட்டிக்கல் பாத்னு பேரு. வலைக்கு இருக்கற பத்து நாள் அவகாசம் ஃப்ளோட். 1950-கள் கடைசியில அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனி, ரெமிங்டன் ரேண்ட் ஆளுங்களோட சேர்ந்து இந்தக் கணக்கை உருவாக்கினாங்க. கெமிக்கல் ஆலை கட்டுறதுக்கும், பராமரிப்புக்கு நிறுத்துறதுக்கும்தான். எங்க மணலி வேலைக்குன்னே பொறந்த கணக்கு மாதிரி. பெரியப்பா அந்தப் பேரைக் கேள்விப்பட்டது கூட கிடையாது. ஆனா தினமும் விடிஞ்சதும் முதல்ல ஆசாரி கிட்டதான் போய் நிப்பார். வலை பக்கம் சாயங்காலம்தான் போவார். நீங்க காலைல முதல்ல எங்க போய் நிக்கிறீங்களோ, அதை வெச்சுத்தான் எது முக்கியம்னு உங்க ஆளுங்க புரிஞ்சுக்குவாங்க.

ஒண்ணு சொல்லிடறேன். முன்னாடி தடைக்காலம் 45 நாள்தான், 2017-லதான் 61 ஆச்சு. பதினாறு நாள் கூடிடுச்சு, இனிமே நிதானமா முடிப்பாங்கன்னு நான் நினைச்சேன். எங்க படகு இப்பவும் கடைசி ரெண்டு நாள்லதான் தண்ணில இறங்குது. ஏன் பெரியப்பான்னு கேட்டேன். "நாள் கூடிச்சு பாப்பா, ஆசாரி கூடினாரா?"ன்னார். எல்லாப் படகும் ஒரே நேரத்துல கரையேறுது, நல்ல ஆசாரிங்க கொஞ்சம் பேர்தான், அவங்களுக்காகக் காத்திருக்கறதுலயே முதல் ரெண்டு வாரம் போயிடுது. உங்க ஆபீஸ்லயும் டைம் பத்தலன்னு சொல்றதுக்கு முன்னாடி, எல்லாரும் எந்த ஒரு ஆளுக்காக வரிசையில நிக்கிறாங்கன்னு பாருங்க.

சரி, என் கதைக்கு வரேன்.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு ஷட்டவுன், 21 நாள். எங்களுக்கு ஆறு எக்ஸ்சேஞ்சர். தினமும் காலைல ஏழரைக்கு மீட்டிங். நான் ஷீட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கேப்பேன். "எவ்ளோ முடிஞ்சுது?" "எழுபது பர்சன்ட் மேடம்." "நாளைக்கு?" "முடிஞ்சிடும் மேடம்." நாலாவது நாள், ஒரு ஃபோர்மேன், என்னை விட இருபது வயசு பெரியவர், "கிரேன் கிடைக்கல மேடம், ஒரு நாள் ஆகும் போல"ன்னார். அத்தனை பேர் முன்னாடி நான் கத்தினேன். "இதை இப்ப வந்து சொல்றீங்களா? முன்னாடியே தெரியாதா?" அவர் ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார்.

அதுக்கப்புறம் அந்த மீட்டிங்ல யாருமே பிரச்சினைன்னு ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் முடிஞ்சிடும், முடிஞ்சிடும். நான் சந்தோஷப்பட்டேன் மக்களே. டீம் ஒரு ஒழுங்குக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

பதினேழாவது நாள். ரெண்டு எக்ஸ்சேஞ்சரை மூடணும், காஸ்கெட் எடுக்க ஸ்டோருக்குப் போறோம். சைஸ் தப்பு. ரெண்டு ஃபிளாஞ்சுக்கு, அதாவது போல்ட் போட்டு இணைக்கற விளிம்புக்கு, நடுவுல கசியாம இருக்க வைக்கிற வளையம்தான் காஸ்கெட். அது இல்லாம மூட முடியாது, மூடாம ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணி அழுத்தம் குடுத்து கசியுதான்னு பாக்குற சோதனை, எடுக்க முடியாது. புதுசா செஞ்சு வாங்க மூணு நாள். ஸ்டோர்ல இருந்த தம்பிக்கு இது எட்டாவது நாளே தெரியும். பெட்டியைப் பிரிக்கும்போதே அளந்து பாத்துட்டான். "ஏம்ப்பா சொல்லல?"ன்னு கேட்டேன். "திட்டுவீங்கன்னு பயந்துட்டோம் மேடம். வெளிய எங்கயாவது கிடைக்குமான்னு நாங்களே தேடிட்டு இருந்தோம்."

ஒன்பது நாள். அந்தத் தம்பி சோம்பேறி கிடையாது, அவனால முடிஞ்ச அளவுக்கு அலைஞ்சிருக்கான். எட்டாவது நாளே என் காதுக்கு வந்திருந்தா, அந்த மூணு நாள் ஃப்ளோட்லயே கரைஞ்சிருக்கும். வராததால பசங்க ராத்திரி பகல் பாக்காம நின்னாங்க. அப்படியும் ரெண்டு நாள் லேட். அந்தத் தகவல் வர வழியை நாலாவது நாள் காலைல அடைச்சது நான்தான்.

அந்த ஃபோர்மேன் கிட்ட டீக்கடையில மன்னிப்பு கேட்டேன். "விடுங்க மேடம்"னு சொல்லிட்டார். ஆனா திட்டினது எல்லார் முன்னாடியும், மன்னிப்பு மட்டும் தனியாவா? மனசு கேக்கல. அடுத்த வேலையில, முதல் நாள் மீட்டிங்ல, எல்லாரும் இருக்கும்போது திரும்பக் கேட்டேன்.

டொயோட்டா ஆலைங்கள்ல ஆண்டான்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. லைன்ல வேலை பாக்குற யாரு வேணாலும், ஏதாவது தப்பாத் தெரிஞ்சா ஒரு கயித்தை இழுக்கலாம். விளக்கு எரியும், அந்த லைன் லீடர் ஓடி வருவார். குறிச்ச நேரத்துக்குள்ள சரியாகலன்னா லைனே நிக்கும். இதை எல்லாரும் கயிறைப் பத்தின கதையா சொல்றாங்க. எனக்கு முக்கியமாப் படறது, ஓடி வர்ற லீடர் மூஞ்சி எப்படி இருக்குங்கறதுதான். ஒரே ஒரு தடவை முறைச்சுட்டா போதும், அடுத்த தடவை யாரும் இழுக்க மாட்டாங்க.

இப்ப என் மீட்டிங்ல நான் கேக்கற முதல் கேள்வி, "இன்னைக்கு எது நிக்கும்?" அதுக்கும் முன்னாடி என் பக்கத்துல எது நிக்குதுன்னு நானே சொல்லிடுவேன். டிராயிங் வரல, பர்மிட் லேட், இப்படி. பெரியவங்க முதல்ல சொன்னாத்தான் சின்னப் பசங்களுக்கு வாய் வரும். யாராவது கெட்ட சேதி சொன்னா, ஒரே பதில்: "சரி, இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" யாரால ஆச்சுங்கற விசாரணை எல்லாம் வேலை முடிஞ்சப்புறம். தெரிஞ்சே மறைச்சா மட்டும் நான் விடறதில்ல. அதுல கறாராத்தான் இருக்கேன்.

பர்சன்ட் கேக்கறதையும் விட்டுட்டேன். எழுபது பர்சன்ட் ரெண்டு நாள்ல வந்துடும், தொண்ணூறுல போய் ஒரு வாரம் உக்காந்துக்கும். "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி?"ன்னு கேட்டா ஆளு கொஞ்சம் யோசிச்சுத்தான் வாயைத் திறக்கணும். அதோட, முடிஞ்சுதுன்னா என்னன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். வெல்டரைக் கேட்டா வெல்டு அடிச்சதும் முடிஞ்சுது. குவாலிட்டிக்காரருக்கு எக்ஸ்ரே கிளியர் ஆகணும். ஆலைக்காரருக்கு ஹைட்ரோ டெஸ்ட் முடிஞ்சு பேப்பர்ல கையெழுத்து விழணும். மூணு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க, நடுவுல பல நாள் இருக்கு. பெரியப்பாவுக்கு இதுல குழப்பமே கிடையாது. படகு தண்ணில ஒரு ராத்திரி மிதக்கணும், காலைல அடியில தண்ணி ஊறியிருக்கக் கூடாது. அதுக்கு அப்புறம்தான் ஆசாரிக்கு மிச்சக் காசு.

லேட் ஆனா ஆளைக் கூட்டிக்கலாம்னு நினைப்பீங்க. சில வேலைக்கு ஓகே, சுரண்டுறதுக்கு நாலு பேருக்குப் பதிலா எட்டுப் பேர் சுரண்டலாம். ஆலைக்குள்ள புது ஆள் வரணும்னா கேட் பாஸ், மெடிக்கல், சேஃப்டி கிளாஸ். அப்புறம் உள்ள இருக்கற நல்ல ஃபிட்டர்தான் வேலையை விட்டுட்டு அவருக்கு எடம் காட்டணும். கடைசி நாலு நாள்ல இதைப் பண்ணா இன்னும் லேட்தான் ஆகும்.

நம்ம பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப்லேர்ந்து ஒரு விஷயம். 2018-ல அங்க செஞ்சாங்களே, பின்னாடி வந்தே பாரத் ஆன ரயில், அதுக்கு முதல்ல வெச்ச பேரு ட்ரெயின் 18. வருஷம் பேருலயே இருக்கு. அந்த அக்டோபர்லயே ரயில் வெளிய வந்துடுச்சு. தேதி பிளானிங் டிபார்ட்மென்ட் ஃபைலுக்குள்ள மட்டும் இருந்தா பத்தாது, வேலை பாக்குற எல்லார் வாயிலயும் இருக்கணும்னு நான் சொல்றது இதைத்தான்.

இருங்க, பெரியப்பா கூப்பிடறார். கேமராவைத் திருப்பறேன்... ஆசாரி அண்ணன் ஏதோ சொல்லிட்டு இருக்கார். நாளைக்கு அவர் வர முடியாதாம், தங்கச்சி வீட்டு விசேஷமாம். இன்னும் மூணு பலகை பாக்கி இருக்கு.

பெரியப்பா என்ன சொன்னார் கேட்டீங்களா? "இன்னைக்கே சொன்னியே, அது போதும். இன்னைக்கு எவ்ளோ நேரம் நிப்ப?" ராத்திரி எட்டு வரைக்கும் நிக்கிறேன்னுட்டார் அண்ணன். லைட்டுக்கு ஒயர் இழுக்கணுமாம், என்னைக் கூப்பிடறாங்க. நான் போறேன் மக்களே.