புது பெயின்ட்டுக்குப் பின்னால்: வீட்டு ஆய்வில் என்ன பார்க்கிறார்கள்?

[காட்சி: காலியான படுக்கையறை. கேமரா மெதுவாக மேலே போகிறது. சீலிங் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம்.]

இந்த வளையத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஓரம் கருத்திருக்கிறது, நடுப்பகுதி வெளுத்திருக்கிறது. வீடு பார்க்க வந்த எத்தனையோ பேர் இதற்கு நேர் கீழே நின்று, அறை விசாலமாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டை ஆய்வு செய்ய வருபவர் இங்கே பத்து நிமிடம் நிற்பார். மேலிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது, காய்ந்திருக்கிறது. வளையத்துக்குள் இன்னொரு வளையம் தெரிவதால் மறுபடியும் இறங்கியிருக்கிறது. அடுத்து அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இது பழைய கறையா, இன்னும் உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதுதான்.

வணக்கம். இந்த வீடியோவில் வீட்டு ஆய்வு பற்றிப் பேசலாம். வாங்குபவர், விற்பவர், ஏற்கெனவே சொந்த வீட்டில் குடியிருப்பவர் என்று மூன்று பேருக்கும் இது தேவைப்படும்.

நான் முதன்முதலில் வீடு வாங்கியபோது ஆய்வு எதுவும் செய்யவில்லை. பத்திரங்களை வக்கீல் பார்த்தார். கடன் கொடுப்பதற்காக வங்கியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து சுற்றிப் பார்த்தார். இரண்டு பேர் பார்த்தாகிவிட்டது, போதும் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிய ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது: வக்கீல் பார்த்தது வீடு யாருடையது என்று. வங்கி பார்த்தது, நான் கடனைக் கட்டாவிட்டால் இதை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று. வீடு எப்படி இருக்கிறது என்று எனக்காக யாருமே பார்க்கவில்லை.

அந்த வேலையைத்தான் வீட்டு ஆய்வாளர் செய்கிறார். அமெரிக்காவில் 1976-இல் ஆய்வாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு நெறிமுறையும் வகுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நெறிமுறைகளின் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் பார்ப்பார். எதையும் உடைக்க மாட்டார். சாதாரண அளவு வீட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் ஒருவர் முடித்துவிட்டுக் கிளம்பினால் சந்தேகப்படுங்கள். கடைசியில் அவர் தருவது ஓர் அறிக்கை. அதில் பாஸ், ஃபெயில் என்று எதுவும் இருக்காது. அன்றைக்கு அந்த வீடு எந்த நிலையில் இருந்தது என்பதுதான் இருக்கும்.

சரி, என்னென்ன பார்ப்பார்?

[காட்சி: மொட்டை மாடி. மூலையில் தேங்கிய தண்ணீரும் பாசியும்.]

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். வீட்டைக் கெடுப்பவற்றில் தண்ணீரைப் போல அமைதியாக வேலை செய்வது வேறு எதுவும் கிடையாது. அதனால் நல்ல ஆய்வாளர் மழைத்துளி விழுகிற இடத்தில் தொடங்கி, அது வீட்டைவிட்டு விலகிப் போகிற இடம் வரைக்கும் அதன் பின்னாலேயே நடப்பார்.

சாய்ந்த கூரை என்றால் உடைந்த ஓடு, துருப்பிடித்த தகடு, இலை அடைத்த மழைநீர்க் கால்வாய். தட்டையான மாடி என்றால் வாட்டம். தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடும்படி தளம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். மழை நின்று 48 மணி நேரம் கழிந்தும் தண்ணீர் தேங்கியே நின்றால் வாட்டம் சரியில்லை என்று கொள்ளலாம். காய்ந்த நாளில் போனாலும் இதைக் கண்டுபிடிக்க முடியும். தண்ணீர் தேங்கும் இடத்தில் தூசி படிந்து ஒரு கோடு போட்டிருக்கும், பாசி கருத்துக் கிடக்கும்.

கீழே இறங்கினால் வீட்டைச் சுற்றியுள்ள தரை. அது சுவரைவிட்டு விலகிச் சரிய வேண்டும். முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் இருப்பது நல்ல அளவு. பலர் அழகுக்காகச் சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டிச் செடி வைத்துவிடுகிறார்கள். மண் மட்டம் ஏறியதும், கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்க அடித்தளத்துக்கு மேலே போட்டிருக்கும் தடுப்புப் படலம் புதைந்துபோகிறது. ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போய்விடுகிறது.

சுவரில் ஓதம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். மூன்று வழிகள் உண்டு. கீழிருந்து ஏறும் ஓதம் தரையை ஒட்டிப் பட்டையாகத் தெரியும். பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி, மேல் விளிம்பில் அலையடித்த மாதிரி ஒரு கோட்டோடு நின்றுவிடும். மேலிருந்து இறங்குவது சீலிங்கிலும் சுவர் உச்சியிலும் தெரியும், மழையோடு சேர்ந்து கூடும், குறையும். பக்கவாட்டில் வருவது குளியலறையிலிருந்தோ சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்தோ வருவது. அதற்கு மழைக்காலம், வெயில்காலம் கிடையாது. மழையே இல்லாத மாதத்திலும் ஒரு சுவர் ஈரமாக இருந்தால், அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். என் வீட்டில் மறுபக்கம் இருந்தது ஷவர். டைல்ஸுக்கு இடையே இருந்த கிரவுட் உதிர்ந்து, குளிக்கிற தண்ணீர் எல்லாம் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

சுவரில் வெள்ளையாக மாவு போலப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பு. செங்கல்லிலும் காரையிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. பிறகு தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கிவிடும். துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தாலும் ஈரம் உள்ளே இருக்கும்வரை மறுபடி பூக்கும். அதனால், வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசு என்றால், அந்தச் சுவரைப் பற்றிக் கேளுங்கள்.

[காட்சி: ஈரப்பத மீட்டரின் இரண்டு ஊசிகள் சுவரைத் தொடுகின்றன.]

இந்தக் கருவி இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளக்கிறது. ஈரம் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். இது பெரும்பாலும் மரத்துக்காக அளவு குறித்த கருவி. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுத்துப்போகும் ஆபத்து தொடங்குகிறது. சுவரில் வைக்கும்போது அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த இடத்தில் ஒருமுறை, சந்தேகமான இடத்தில் ஒருமுறை என்று வைத்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். தெர்மல் கேமராவும் அப்படித்தான். அது சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பார்ப்பது சுவரின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும். ஈரமான இடம் ஆவியாகிக் குளிர்வதால் வேறு நிறத்தில் தெரிகிறது. அந்த இடத்தில் மீட்டரை வைத்து உறுதிசெய்தால்தான் அது ஓதம்.

அடுத்து விரிசல். மக்கள் அதிகமாகப் பயப்படுவதும் இதற்குத்தான், அலட்சியமாக விடுவதும் இதைத்தான். விரிசல் இல்லாத வீடு கிடையாது. பூச்சு காயும்போதே மயிரிழை போல வெடிப்புகள் வரும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 1 மி.மீ. வரையுள்ள விரிசல் மிக லேசானது, பெயின்ட் வேலையிலேயே சரியாகிவிடும். 5 மி.மீ. வரை லேசானது. அதற்கு மேல் போனால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். கையில் அளவுகோல் இல்லையா? உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. விரிசலுக்குள் கார்டு நுழையவில்லை என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

ஆனால் அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் விரிந்துகொண்டே போகும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல், இவை அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். கூடவே கதவு நிலையில் உரசுகிறது, மூடிய கதவின் மேல் இடைவெளி ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கும். விரிசல் நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரிய எளிய வழி உண்டு. இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதம் கழித்துப் பாருங்கள்.

காங்கிரீட்டில் கம்பி ஓடுகிற திசையிலேயே விரிசல் விட்டு, பழுப்புக் கறை வழிந்தால் அது வேறு கதை. நல்ல காங்கிரீட்டின் பிஎச் அளவு 12 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பிக்குக் கவசம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே போய் அதை 9-க்கும் கீழே இறக்கும்போது, கவசம் போய்க் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் காங்கிரீட் வெடித்துத் துண்டுதுண்டாக விழும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கீழிருந்து தட்டிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக இருக்கிறதா, பொள்ளலா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருகிய பிளக் பாயின்ட், சூடாகும் சுவிட்ச், எர்த் இணைப்பே இல்லாத மூன்று துளை சாக்கெட், இவை மூன்றும் உடனே சரிசெய்ய வேண்டியவை. மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உயிரைக் காப்பாற்றுவதற்கான அளவு அது. 'T' என்று எழுதிய சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது சும்மா ஒரு பெட்டி. அப்புறம், குளியலறைக்குள் எரிவாயுவில் ஓடும் கெய்சர். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகைபோக்கி வெளியே போகாத எரிவாயு கெய்சர் குளியலறையில் இருந்தால், அதை மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள்.

[காட்சி: கதவு நிலையின் அடியில் பென்சில் தடிமனில் ஒரு மண் கோடு.]

இது கரையான் வழி. தரையிலிருந்து மரத்துக்குப் போக மண்ணால் கட்டிய குழாய். உடைத்துப் பார்த்து உள்ளே காலியாக இருந்தால், கரையான் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் கழித்து உடைத்த இடத்தை மறுபடி கட்டியிருந்தால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஆய்வாளரால் பார்க்க முடியாதவையும் உண்டு. சுவருக்குள் புதைந்த குழாய், மண்ணுக்கு அடியில் உள்ள கழிவுநீர் வழி, பீரோ மறைத்த சுவர். கதிரியக்க வாயுவான ரேடான் சில நிலப்பகுதிகளில் மண்ணிலிருந்து வீட்டுக்குள் சேரும்; அதற்குத் தனிச் சோதனை வேண்டும். எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கும். பலரும் புரட்டிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் படிப்பேன்.

வாங்குபவர்களுக்கு என் முக்கியமான வேண்டுகோள்: ஆய்வின்போது கூடவே இருங்கள். எழுத்தில் "சில இடங்களில் ஈரம்" என்று வருவதை நேரில் அவர் விரல் வைத்துக் காட்டுவார். அறிக்கையில் ஐம்பது குறைகள் இருந்தால் ஐம்பதையும் வைத்துப் பேரம் பேசாதீர்கள். தளர்ந்த தாழ்ப்பாளும் இறங்கும் அடித்தளமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். உயிருக்கு ஆபத்தானது எது, விட்டால் வளரக்கூடியது எது என்று ஆய்வாளரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஆய்வாளரை நீங்களே தேடிப் பிடியுங்கள். வியாபாரம் முடிந்தால்தான் தனக்குப் பணம் என்று இருப்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். குறையைக் கண்டுபிடித்தவரே "நானே சரிசெய்து தருகிறேன்" என்றாலும் வேண்டாம்.

விற்பவர்கள், வீட்டை விற்பனைக்கு வைக்கும் முன்பே ஒருமுறை ஆய்வு செய்துவிடுவது நல்லது. பேச்சு முடியும் நேரத்தில் வாங்குபவரின் ஆய்வாளர் கண்டுபிடித்தால் விலை இறங்கும், நம்பிக்கையும் போகும். தெரிந்த குறையை மறைப்பது சட்டப்படியும் ஆபத்து. கலிபோர்னியாவில் 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், சரியாக இறுக்காத மண் நிரப்பின் மேல் கட்டிய வீடு விற்கப்பட்டிருந்தது. பிறகு நிலம் சரிந்தது. விற்பனை முகவர்கள் சமமில்லாத தரையை முன்பே பார்த்திருந்தும் விசாரிக்கவில்லை. விற்றவர்கள் மட்டுமல்ல, அந்த முகவர்களும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது.

சொந்த வீட்டில் இருப்பவர்கள், கட்டுநர் கொடுத்த உத்தரவாதக் காலம் முடியப் போகிறது என்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே ஆய்வு செய்து எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மற்றபடி வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் மாடியையும் வடிகுழாயையும் நீங்களே பார்க்கலாம்.

[காட்சி: தண்ணீர் மீட்டரின் எண்கள் அருகில்.]

இன்று இரவே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தண்ணீர் மீட்டர் உள்ள வீடு என்றால், படுக்கப் போகும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி இருந்தால் அது நிரம்பி நின்ற பிறகு குறிக்க வேண்டும். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் ஒழுகல் அங்கேதான். நிறம் இறங்கவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு, சுவருக்குள் ஓடும் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.