இருவருக்கும் நடுவில் நிற்பது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் நாவல்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று அட்டையைப் பார்த்ததுமே தெரிகிறது. அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த முடிவு இந்தக் கதைகளுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை.

1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்று 'ஸ்ப்ரிங் ஃபயர்'. மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதியது. கல்லூரி மாணவிகள் இருவரின் காதல். கதை நல்லபடியாக முடியக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி நல்லபடியாக முடிந்தால், தபால் துறை ஆபாசம் என்று சொல்லிப் புத்தகங்களைப் பிடித்து வைத்துவிடும் என்ற பயம். அதனால் ஒருத்தி மனநிலை குலைந்து போகிறாள். மற்றவள், தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

இன்னொன்று 'த ப்ரைஸ் ஆஃப் சால்ட்'. எழுதியவர் கிளேர் மார்கன் என்று அட்டையில் இருந்தது. உண்மையில் எழுதியவர் பட்ரிஷியா ஹைஸ்மித். அதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து வாழக்கூடும் என்ற நம்பிக்கையோடு கதை முடிகிறது. இதற்காகவே நன்றி சொல்லிக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆனாலும் அந்தப் புத்தகத்தை ஹைஸ்மித் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டது 1990இல்தான். மீக்கரும் ஹைஸ்மித்தும் பிற்பாடு சில காலம் காதலர்களாக இருந்தார்கள் என்பது தனிக் கதை. அதை யாரும் நாவலாக எழுதினால் நம்ப மாட்டோம்.

ஆகவே, இந்த நாவல்களை விமர்சிக்கும்போது "முடிவு தெரிந்ததுதானே" என்று மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்காக மதிப்பெண்ணைக் கூட்டவும் மாட்டேன். இன்றைக்கு இந்த வகையில் வரும் நாவல்களில் சேர்ந்து முடிவதுதான் விதி. பெண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் புத்தகங்களுக்காகவே 1973இல் நயாட் பிரஸ் தொடங்கியது. அறுவை மருத்துவராக இருந்த எழுத்தாளர் ராட்க்ளிஃப் 2004இல் போல்ட் ஸ்ட்ரோக்ஸ் புக்ஸ் தொடங்கினார். இப்படிப்பட்ட பதிப்பகங்கள் அந்த விதியை நிலைநிறுத்திவிட்டன. எல்லாருக்கும் கிடைத்துவிட்ட ஒன்றை வைத்து ஒரு புத்தகத்தை எப்படிப் பாராட்டுவது?

நான் பார்ப்பது வேறு ஒன்றை. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பது எது?

பழைய கதைகளில் இந்தத் தடையை எழுத்தாளர் தேட வேண்டியதே இல்லை. சட்டம் இருந்தது, குடும்பம் இருந்தது, வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஹைஸ்மித்தின் கதையிலேயே ஒரு தாய் இந்தக் காதலால் தன் மகளை வளர்க்கும் உரிமையை இழக்க நேரிடுகிறது. இன்றைய நாவல்கள் பலவற்றில் ஊரே ஏற்றுக்கொள்கிறது. அம்மா கட்டிப்பிடித்து வாழ்த்துகிறாள், இருவரும் எப்போது சேருவார்கள் என்று நண்பர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். படிக்க இதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெளியே தடை இல்லையென்றால் அது அந்த இருவருக்குள்ளிருந்துதான் வர வேண்டும். இங்கேதான் பாதிப் புத்தகங்கள் தடுமாறுகின்றன. கதை முக்கால்வாசி தாண்டியதும் ஒருத்தி பாதித் தொலைபேசிப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "நீ சொன்னதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். முந்நூறு பக்கம் நெருங்கிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாதா?

நல்ல தடை என்றால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். இருபது வருடத் திருமணத்திலிருந்து வெளியே வந்த ஒருத்தி, கொஞ்ச காலம் யாருக்கும் பதில் சொல்லாமல் வாழ நினைக்கிறாள். அவளை நேசிப்பவளோ இளமை முழுவதும் ஒளிந்து வாழ்ந்தவள். இனி ஒரு நாள்கூட ஒளிய மாட்டேன் என்கிறாள். யாரைக் குறை சொல்வது? இப்படி ஒரு சிக்கலை எழுத்தாளர் எடுத்துக்கொண்டால், முடிவு தெரிந்திருந்தும் பக்கத்தைப் புரட்டுவோம். என்ன நடக்கும் என்பதைவிட, எப்படி அந்த முடிவுக்கு வந்து சேர்வார்கள் என்பது நம்மை இழுக்கும்.

இந்த வகை நாவல்களின் வாசகிகளுக்கு மிகவும் பிடித்த ஒரு பாத்திர வார்ப்பு உண்டு: 'ஐஸ் குயின்'. கண்டிப்பான மேலதிகாரி, வயதில் மூத்தவள், சிரிக்கவே மாட்டாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் இளையவளிடம் மட்டும் உருகுவாள். எனக்கும் பிடிக்கும். ஆனால் சம்பளம் கொடுப்பவளுக்கும் வாங்குபவளுக்கும் நடுவில் இருக்கும் அதிகாரத்தைக் கதை கவனிக்கிறதா என்று பார்க்கிறேன். ஆண் மேலதிகாரி செய்தால் நமக்கு உறுத்தும் ஒன்றை, பெண் செய்வதால் மட்டும் ரசித்துவிட முடியாது. இளையவள் "முடியாது" என்று சொன்னால் அவள் வேலைக்கு என்ன ஆகும்? இதை அந்த மேலதிகாரியே யோசித்துத் தயங்கும் நாவல்கள் இருக்கின்றன. அந்தத் தயக்கமே பல சமயம் நல்ல காதல் காட்சியாகிவிடுகிறது.

உயரமான, கறுத்த கூந்தலுள்ள, பேசாத ஒருத்தி. குள்ளமான, பொன்னிறக் கூந்தலுள்ள, ஓயாமல் பேசும் இன்னொருத்தி. இந்த ஜோடியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்திருந்தால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1995இல் தொடங்கிய 'ஸீனா' தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள், அதன் இரண்டு நாயகிகளையும் வேறு வேறு காலத்துக்கும் தொழிலுக்கும் மாற்றி இணையத்தில் கதைகள் எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் சிலர் பிறகு நாவலாசிரியர்கள் ஆனார்கள். கதையோடு அந்த வார்ப்பும் அச்சுக்கு வந்துவிட்டது.

நடையிலும் ஒரு சோதனை இருக்கிறது. இருவருமே 'அவள்'. யார் யாருடைய கையைப் பிடித்தாள் என்பது குழம்பாமல் இருக்க, திறமை குறைந்தவர்கள் "அந்த மருத்துவர்", "உயரமானவள்" என்று ஒட்டுச்சீட்டு ஒட்டுவார்கள். நெருக்கமான காட்சியில் இது படு அபத்தம். தன் காதலியை மனதுக்குள் 'அந்த மருத்துவர்' என்று யார் நினைப்பார்கள்? காட்சி யார் மனதிலிருந்து நகர்கிறது என்பதில் எழுத்தாளர் தெளிவாக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. உடலுறவுக் காட்சிகள் எத்தனை, எவ்வளவு விரிவு என்பது அவரவர் விருப்பம். அந்தக் காட்சிக்குப் பிறகு இருவருக்குள்ளும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

நம்மைப் போன்றவர்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்ததே போதும் என்று ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் வாசகிகளை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கருணை எழுத்தாளருக்கு உதவாது. "இது வெறும் காதல் கதை" என்று கையிலேயே எடுக்காத விமர்சகர்களைவிட அது எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

பின்னுரை போல வரும் கடைசி அத்தியாயம் இன்னும் பாக்கி. ஒரு வருடம் கழித்து, திருமணம், குழந்தை, ஒரு நாய்க்குட்டி. பெரும்பாலும் நான் அதைத் தாண்டிவிடுவேன். அதில் அந்த இருவரும் பழைய விஷயத்துக்காக இன்னொரு முறை சண்டை போட்டு, இந்த முறை யாரும் பெட்டியைக் கட்டாமல் இருந்தால் மட்டும் உட்கார்ந்து படிப்பேன்.

நன்றி, வணக்கம்.