வெள்ளைக் கட்டத்து மந்திரி, கறுப்பு மூலை

நேயர்களுக்கு வணக்கம். செஸ் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கேட்பார்கள்: "ஜெயிச்சியா, தோத்தியா?" டிரா என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அந்த டிராவுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் கூடி ஆடுகிறோம். போன மாதம் அங்கே தையல்கடை அண்ணன் ஒருவரும், பேங்கில் ஓய்வுபெற்ற சார் ஒருவரும் மூன்று மணி நேரம் ஆடினார்கள். கடைசியில் சாரிடம் ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய். அண்ணனிடம் ஒற்றைக் குதிரை. கடிகாரத்தில் அவருக்கு நாலே நிமிஷம். ஊசி குத்திக் காய்த்துப்போன விரலால் குதிரையைத் தூக்கி, நடுவில் நின்ற சிப்பாயை வெட்டினார். சார் உடனே குதிரையை வெட்டிவிட்டார்.

"இருந்த குதிரையும் போச்சே!" என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

அண்ணன் ஏன் குதிரையைக் கொடுத்தார் என்று புரிந்துகொள்ளப் பலகையே வேண்டாம். மந்திரி மூலைவாக்கில் குறுக்காகத்தான் போகும், இல்லையா? அதனால் வெள்ளைக் கட்டத்தில் இருக்கிற மந்திரிக்கு ஆயுசுக்கும் வெள்ளைக் கட்டம்தான். சாரிடம் மிஞ்சியது ஓரத்துச் சிப்பாய். சிப்பாய் எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கட்டத்துக்குப் போனால் ராணியாக மாறலாம்; இது அப்படி ராணியாக வேண்டிய மூலையோ கறுப்பு. அங்கே எதிரி ராஜா போய் உட்கார்ந்துவிட்டால் மந்திரியால் அவரைக் கிளப்பவே முடியாது. திரும்பவும் சொல்கிறேன்: வெள்ளைக் கட்டத்து மந்திரி, கறுப்பு மூலை. நெருக்கிக்கொண்டே போனால் செக்கும் இருக்காது, ராஜா நகர இடமும் இருக்காது. அதுதான் ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

சார் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் முயன்று பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார். "எப்ப இருந்து இது மனசுல இருந்துச்சு தம்பி?"

"மத்த காயெல்லாம் வெட்டுப்பட்டப்பவே சார். உங்க மந்திரி எந்தக் கட்டத்துலன்னு பாத்துக்கிட்டேன்."

ஆளுக்கு அரைப் புள்ளி. பதினைந்தாவது நகர்த்தலிலேயே பேசிவைத்துக் கைகுலுக்குகிற டிராவை நான் ஆதரிக்கவில்லை. தோற்கிற ஆட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்து பிடுங்கி எடுக்கிற அரைப் புள்ளியைத்தான் சொல்கிறேன். நம் பிள்ளைகள் முதல் பத்து நகர்த்தலை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பலகையில் நாலே காய் மிஞ்சினால் திணறுகிறார்கள். பெற்றோர்களே, கடைசி ஆட்டத்தை முதலில் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் ஆச்சு என்று கை காட்டிவிட்டார்கள். சரி, இது மட்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய உலகச் சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகளும் போயின. எதிரே ஆடிய நம் சென்னைக் குகேஷிடம் கூடுதலாக ஒரு சிப்பாய் இருந்தது, பட்டத்தை ஜெயிக்க அது போதுமாகிவிட்டது. நேரம் முடிந்தது. வணக்கம்.