வாசித்தால் புரிகிறது, தேர்வில் ஏன் சறுக்குகிறது? அறிமுக உளவியல் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். வந்திருக்கிற கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருப்பவர் கணக்கியல் படிக்கிற மாணவி. அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: "விருப்பப் பாடமாக அறிமுக உளவியல் எடுத்தேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, கதை மாதிரி போகிறது. ஆனால் முதல் தேர்வில் பாதி மார்க்கூட வரவில்லை. எங்கே தப்பு நடக்கிறது? நடுவில் நியூரான், மூளை என்று உயிரியல் வேறு வருகிறது, அதை எப்படிச் சமாளிப்பது? சீனியர் ஒருவர் பழைய பதிப்புப் புத்தகம் தருகிறார், அது போதுமா?"

முதல் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்ற இரண்டும் அதைவிடச் சின்ன விஷயம்.

"வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்குதான் இருக்கிறது. இயற்பியல் வகுப்பில் ஒரு சமன்பாடு புரியவில்லை என்றால், புரியவில்லை என்பதாவது உடனே தெரிந்துவிடும். உளவியலில் அந்த வசதி கிடையாது. மறதி, பயம், கோபம், கூட்டத்தோடு ஒத்துப்போவது எல்லாம் நாம் தினமும் பார்க்கிற சங்கதிகள். அதனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் "இது எனக்கு முன்பே தெரியுமே" என்று தோன்றும்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதன்மேல் விருப்பம் கூடும் என்று நான் சொன்னால், ஆமாம், பார்க்கப் பார்க்கத்தானே பிடிக்கும் என்பீர்கள். அதையே திருப்பிப் போட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தால் சலித்துவிடும் என்றால் அதற்கும் தலையாட்டுவீர்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று பழமொழியே கைவசம் இருக்கிறது. இரண்டுக்கும் தலையாட்டுகிற அறிவை வைத்துக்கொண்டு தேர்வு எழுத முடியாது. 1968இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற ஆய்வாளர் இதை நேரடியாகச் சோதித்தார். பொருளில்லாத சொற்கள், சீன எழுத்தைப் போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாதவர்களின் முகப் படங்கள், இவற்றைச் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றைப் பல முறையும் காட்டினார். அதிகம் பார்த்ததையே மக்கள் நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். சரி, அப்படியென்றால் பழமொழி பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அவர் காட்டியது அறிமுகமே இல்லாத பொருள்களை, அதுவும் சில நொடிகள் மட்டும். வருடக்கணக்கில் கூடவே இருப்பவரைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் பேசவில்லை. எதைக் காட்டினார்கள், யாரிடம் காட்டினார்கள், எதை அளந்தார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த முடிவு எதுவரை செல்லும் என்று சொல்ல முடியும். உங்கள் தேர்வு கேட்பது இதைத்தான். விடை தெரிந்தபின் எந்த விடுகதையும் சுலபம்தான். பாடப்புத்தகம் விடையைச் சொல்லிவிட்டுத்தான் விடுகதையைப் போடுகிறது.

இன்னொரு விஷயம். இந்தப் பாடத்தின் கேள்விகள் பெரும்பாலும் ஒரு சூழலைக் கொடுத்துவிட்டு, இது எந்தக் கருத்து என்று கேட்கும். ஒரு மாதிரி சொல்கிறேன். காரில் உட்கார்ந்ததும் 'பீப் பீப்' என்று சத்தம் வருகிறது. பெல்ட் போட்டதும் நின்றுவிடுகிறது. நாளடைவில் ஏறியவுடனே பெல்ட் போடப் பழகிவிடுகிறீர்கள். இது என்ன? நான்கு விடைகள்: தண்டனை, எதிர்மறை வலுவூட்டல், நேர்மறை வலுவூட்டல், ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பழகுகிற, பாவ்லோவ் சொன்ன வகைக் கற்றல். வகுப்பில் பாதிப் பேர் தண்டனை என்று டிக் அடிப்பார்கள். எரிச்சலூட்டுகிற சத்தம் வருகிறதே, தண்டனைதானே என்று நினைப்பு. ஆனால் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். அந்தச் செயல் கூடியதா குறைந்ததா? கூடியது, பெல்ட் போடுவது அதிகமானது. கூடினால் அது வலுவூட்டல், தண்டனை அல்ல. அடுத்து, ஏதாவது சேர்க்கப்பட்டதா நீக்கப்பட்டதா? சத்தம் நீங்கியது. ஆகவே எதிர்மறை வலுவூட்டல். வலுவூட்டலை ஆராய்ந்த ஸ்கின்னர் பற்றிய அத்தியாயத்தை நான்கு தடவை வாசித்தவர்கூட இதில் விழுந்துவிடுவார். வாசிக்கும்போது அந்த இரண்டு கேள்வியையும் தானாகக் கேட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எப்படிப் படித்தால் நிற்கும் என்பதற்கான பதில் உங்கள் புத்தகத்திலேயே, நினைவாற்றல் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஹைலைட்டரை எடுத்து அந்த வரிக்கே மஞ்சள் பூசுவார்கள்! 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதம் சொன்னார்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள் சுமார் 40 சதவீதம். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? "ஒரு வாரம் கழித்தும் எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிகம் நம்பியவர்கள் அந்த நான்கு சுற்று வாசித்தவர்கள்தான். திரும்ப வாசிக்க வாசிக்கப் பக்கம் பழக்கமாகிவிடுகிறது, பழக்கமானதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு பகுதியை வாசித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. முதலில் பாதிகூட வராது, கோபம் வரும். அந்தக் கோபம் பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மறுபடியும் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு ஆறு மணிநேரம் உட்காருவதைவிட, அதே ஆறு மணிநேரத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துப் போடுவது நல்லது. நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னையே சோதனைப் பொருளாக வைத்து இதைக் காட்டிவிட்டார்.

சரி, எழுதும்போது எதை எழுதுவது? பெயரும் வருடமும் மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. ஒரு ஆய்வை எடுத்துக் காட்டுகிறேன். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் செய்தது, எல்லா அறிமுகப் புத்தகத்திலும் வரும். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்வி, கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று. ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. கார்கள் மோதி நொறுங்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். ஒன்றையொன்று தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்தது ஒரே படங்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து அழைத்து, படத்தில் உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். கண்ணாடி எதுவும் உடையவே இல்லை. நொறுங்கிய என்ற கேள்வியைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். மோதிய என்று மட்டும் கேட்டவர்களில் 7 பேர். வேகத்தைப் பற்றியே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர்.

இதை உங்கள் தாளில் எழுதும்போது, ஆய்வாளர் எதை மாற்றினார், எதை அளந்தார், யார் எந்தக் குழுவுக்குப் போவது என்று எப்படி முடிவு செய்தார், இதிலிருந்து எதைச் சொல்லக்கூடாது, இந்த நான்கையும் எழுதுங்கள். மாற்றியது வினைச்சொல். அளந்தது வேக மதிப்பீடும், கண்ணாடி பார்த்ததாகச் சொல்வதும். குழு பிரித்தது சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, அதனால்தான் வித்தியாசத்துக்குச் சொல்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. சொல்லக்கூடாதது, நேரில் விபத்தில் சிக்கியவர்களுக்கும் அச்சு அசலாக இதேதான் நடக்கும் என்பது. அவர்கள் பார்த்தது படம். வேகத்தைப் பற்றிக் கேட்கப்படாத அந்தக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால், சும்மா கேட்டாலே எத்தனை பேர் கண்ணாடி பார்த்ததாகச் சொல்வார்கள் என்பதே தெரிந்திருக்காது. இப்படி ஒரு ஆய்வைப் பிரித்தால், அதே அத்தியாயத்தில் வருகிற மற்றவற்றை வாசிக்கும்போது கண் தானாகவே அந்த இடங்களுக்குப் போகும். ஆய்வு முறைகள் என்ற இரண்டாம் அத்தியாயத்தை 'போர்' என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் கடைசிவரை தடுமாறுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த முழுப் பாடத்துக்கும் அதுதான் சாவி. கணக்கியல் படிக்கிற உங்களுக்குச் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் பயமுறுத்தாது. மற்றவர்களைவிட ஒரு படி முன்னால்தான் இருக்கிறீர்கள்.

அடுத்து, மூளை, நியூரான் என்கிற நரம்பு செல். அந்த அத்தியாயத்தில் வார்த்தைகள் அதிகம், தத்துவம் குறைவு. ஒரு நியூரானை நீங்களே வரையுங்கள். செய்தி எந்தப் பக்கம் நுழைகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது, அடுத்த நியூரானுக்கு எப்படித் தாண்டுகிறது என்று அம்புக்குறி போட்டால் போதும். மூளைப் பகுதிகளை மட்டும் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு ஆளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் பகுதி என்றால் எச்.எம். என்று அழைக்கப்பட்ட ஹென்றி மோலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்து, இரண்டு பக்கமும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்தது எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். யாருக்குமே முதலில் கை இடம் வலமாக இழுக்கும். எச்.எம். நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், ஆனால் ஒவ்வொரு நாளும் இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை. நடந்ததை நினைவு வைப்பதும் திறமையை நினைவு வைப்பதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனநலக் கோளாறுகள் பற்றிய அத்தியாயம் வரும்போது வகுப்பில் பாதிப் பேருக்கு, அதில் உள்ளதெல்லாம் தங்களுக்கே இருப்பதாகத் தோன்றும். பட்டியலில் ஒன்றிரண்டு பொருந்துவது பெரிய விஷயமில்லை. உதாரணத்துக்கு மனச்சோர்வு நோய் என்று சொல்ல, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று மனம் தாழ்ந்திருப்பதாகவோ, எதிலும் நாட்டமில்லாமல் போவதாகவோ இருக்க வேண்டும். அவற்றால் கடும் அவதியோ, அன்றாட வாழ்க்கையில் பாதிப்போ இருக்க வேண்டும். ஆனால் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால் புத்தகத்தோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ போய்ப் பாருங்கள். கூடப் படிக்கிறவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கிற வேலையும் வேண்டாம்.

கடைசியாகப் பழைய பதிப்பு. எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. பாவ்லோவ், ஸ்கின்னர், நியூரான், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே எல்லாம் பெரிதாக மாறவில்லை, அதற்குப் பழைய புத்தகமே போதும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஒன்று, சமூக உளவியல். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்து 1971இல் நடந்த ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையைப் பழைய புத்தகங்கள் அப்படியே நம்பி எழுதியிருக்கும். காவலர்களாக இருந்தவர்களைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி தூண்டியது பின்னால் வெளியான பதிவுகளில் தெரிந்துவிட்டது. 2015இல் ஒரு பெரிய கூட்டுமுயற்சியாக 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில், ஏறக்குறைய 36 சதவீத ஆய்வுகளில்தான் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு திரும்பக் கிடைத்தது. அதற்கு முந்தின புத்தகத்தில் இந்தச் செய்தியே இருக்காது, உங்கள் ஆசிரியரோ நிச்சயம் கேட்பார். இரண்டு, கோளாறுகள் அத்தியாயம். நோய்களை வகைப்படுத்துகிற டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. முன்பு தனியாக இருந்த ஆஸ்பெர்கர் போன்றவை ஆட்டிசம் என்ற ஒரே தொகுப்புக்குள் வந்துவிட்டன. உங்கள் சீனியர் தருவது இவற்றுக்கெல்லாம் முந்தினது என்றால், அந்த இரண்டு அத்தியாயத்தை மட்டும் நூலகத்தில் புதிய பதிப்பில் வாசித்துக்கொள்ளுங்கள், மற்றதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். வாங்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிக் கேள்விகள் இருக்கின்றனவா, சீனியர் அவற்றில் ஏற்கெனவே விடையைக் குறித்து வைத்திருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். குறித்திருந்தால் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.